பச்சைக் கட்டம் போட்ட துண்டு

ஏப்ரல் 16, ஞாயிறு

காலை 7.10. முதல் திருப்பிலேயே பிடித்தது.

மதியம் 1.40. எட்டு கிலோமீட்டர் ஓட்டி வந்து நிறுத்தினேன். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. நிழலில் 39 டிகிரி.

மதியம் 2.50. ஒன்றுமே நடக்காதது போலப் பிடித்தது.

கம்பெனியில் டெஸ்ட் ரிப்போர்ட் எழுதும் நோட்டுகளில் ஒன்றை எடுத்து வந்து இதை எழுதுகிறேன். கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் கம்பெனி. பிரேக், குலுக்கல், மழைத்தண்ணீர் கசிவு என்று ஒவ்வொரு பஸ்ஸிலும் குறை கண்டுபிடித்து எழுதுவது ஆறு வருடமாக என் வேலை. வாணியின் காருடைய பானெட்டை இன்றுதான் முதல் முறையாகத் திறந்தேன். திறக்கவே இருபது நிமிடம் ஆனது. எங்கோ ஒரு கொக்கி சிக்கிக்கொள்கிறது.

1964 மாடல். அவள் அப்பாவுடையது. கல்யாணமாகி வரும்போது நகையோடு இதுவும் வந்தது. வெள்ளியணை தாண்டி இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு அவள் தினமும் இதில்தான் போய் வந்தாள். பதினேழு கிலோமீட்டர்.

சாயங்காலம் தரணி போன் செய்தான். வாணியின் தம்பி.

"மச்சான், அப்பா வண்டிய நான் எடுத்துட்டுப் போயிரட்டுங்களா? உங்களுக்கு அது எதுக்கு?"

"வெயில்ல ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது தரணி. சரி பண்ணிட்டுத் தர்றேன்."

"ஆகலீன்னாப் பரவால்லீங், லாரில ஏத்திக்கறேன்."

"ஓடாத வண்டியத் தர மாட்டேன்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மே 17 வருவதாகச் சொன்னான்.

இஞ்சி டீ போட்டேன். நான்கு வருடமாகக் காலை, மாலை டீ என் பொறுப்பு. இஞ்சியைத் தட்டித்தான் போடுவேன். அவள் ஒரு நாளும் மிச்சம் வைத்ததில்லை.


ஏப்ரல் 18, செவ்வாய்

லீவு போட்டேன். மதிய வெயிலில் ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, பார்த்தேன்.

பேட்டரி 12.5 வோல்ட். செல்ஃப் சுற்றும்போது 10.3. குறை இல்லை.

பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்துச் சுற்றினேன். நல்ல நீலப் பொறி. பொறிக்குக் கரண்ட் அனுப்புகிற காயிலில் கை வைக்க முடியாத சூடு, ஆனாலும் வேலை செய்கிறது. ஆக, கரண்ட் பக்கம் பழுது இல்லை. பெட்ரோல் பக்கம்தான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. போன வருடக் கோடையிலும் அதற்கு முந்தின கோடையிலும், மூணே முக்கால் மணிக்கு, இதே வெயிலில் அவள் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். வழியில் நின்றிருக்கும். நிற்காமல் இருக்க வழியே இல்லை. அவளுக்கு மட்டும் பிடித்திருக்கிறது.

எனக்குப் பிடிக்கவில்லை.


ஏப்ரல் 20, வியாழன்

டிரைவர் சீட்டைக் கழற்றினேன். பெட்ரோல் குழாய் அதற்கு அடியில் போகிறதா என்று பார்க்கத்தான்.

அடியில் ஒரு துண்டு. பச்சைக் கட்டம் போட்டது. ஆண்கள் தோளில் போடுகிற துண்டு. நான் வெள்ளைத் துண்டு தவிர வேறு வாங்கியதில்லை. முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனை, அதோடு ஏதோ இனிப்பு வாசனை.

டேஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு. 'சாதிக், கேட்' என்று எழுதி ஒரு போன் நம்பர். அவள் கையெழுத்து இல்லை.

எனக்குச் சந்தேகமெல்லாம் கிடையாது. யார் என்று தெரிந்துகொண்டால் போதும்.

துண்டைக் குப்பை வண்டியில் போட்டேன். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தேன்.


ஏப்ரல் 22, சனி

மார்ச் 9 வியாழக்கிழமையையும் ஒரு டெஸ்ட்டாக எழுதி வைக்க வேண்டும். விட்டால் நிமிடங்கள் மறந்துபோகும்.

3.50 வாணி வீட்டுக்கு வந்தாள். அன்று எனக்கு நைட் ஷிப்ட், வீட்டில் இருந்தேன். தலை வலிக்கிறது என்று படுத்தாள்.

4.05 வாந்தி. வலது கை தூக்க வரவில்லை. பேச்சு வரவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது.

4.10 தூக்கிக் கொண்டுபோய்க் காரில் முன்சீட்டில் உட்கார வைத்தேன். ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். எங்கள் வீடு ஊருக்கு வெளியே, அவர்கள் வர நேரமாகும். அதற்குள் நானே போய்விடலாம் என்று நினைத்தேன்.

செல்ஃப் சுற்றியது, பிடிக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதி மிதி என்று மிதித்தேன். பன்னிரண்டு தடவையாவது திருப்பியிருப்பேன்.

நடுவில் அவள் இடது கையால் துப்பட்டாவை உருவி என் மடியில் போட்டாள். வேர்க்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். சுருட்டி அவள் தலைக்கு அணைகொடுத்தேன். தலையை அசைத்தாள். மறுபடி அதை இழுத்து என் கையில் திணித்தாள். கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினாள். சீக்கிரம் போ என்கிறாள் என்று நினைத்து, "போயிரலாம் வாணி, போயிரலாம்" என்றேன். மறுபடி தலைக்கு வைத்தேன்.

4.38 ஆம்புலன்ஸ்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. டாக்டரிடம் கேட்டேன். "முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னும் சொல்ல முடியாது. முடிஞ்சிருக்காதுன்னும் சொல்ல முடியாது" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். துப்பட்டா, செருப்பு, கொலுசு. துப்பட்டாவைத் துவைக்கவில்லை. அலமாரியில் இருக்கிறது. இன்னும் அவள் வாசனை போகவில்லை.


ஏப்ரல் 25, செவ்வாய்

அவள் போன ரோட்டில் அவள் வருகிற நேரத்துக்கு ஓட்டினேன். வெள்ளியணைக்கு முன்னால் ரயில்வே கேட். சாத்தியிருந்தார்கள். எல்லோரும் எஞ்சினை அணைத்தார்கள். நானும் அணைத்தேன். அவளும் அணைத்திருப்பாள்.

ரயில் போனது, கேட் திறந்தது, வண்டி பிடிக்கவில்லை. பின்னால் ஒரே ஹாரன்.

கேட்டை ஒட்டி வேப்பமரத்தடியில் கரும்பு ஜூஸ் வண்டி. அங்கிருந்து ஒருவன் ஓடி வந்தான். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். சுருட்டை முடி, தோளில் கட்டம் போட்ட துண்டு. சிவப்புக் கட்டம். என்னைக் கேட்கவே இல்லை. பானெட்டை உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கி, பிறகு தூக்கினான். ஒரு விநாடி. நான் இருபது நிமிடம் போராடிய பானெட்.

நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன்.

"ஏங்க, யாரைக் கேட்டுத் திறக்கறீங்க?"

அவன் திகைத்து நின்றான். பிறகு வண்டி நம்பரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "நீங்க டீச்சர் வீட்டுக்காரருங்களா?" என்றான்.

"ஆமா."

"நான் சாதிக்ண்ணா. டீச்சர் தவறிட்டாங்கன்னு பேப்பர்ல போட்டோ பாத்துத்தான் எனக்கே தெரியும். ரெண்டு நாள் கடையே போடல." அவன் கண் கலங்கியது. பொதுரோட்டில், என் மனைவிக்காக. எனக்கு இதுவரை ஒரு சொட்டு வரவில்லை.

"தள்ளுங்க, ஓரமா விட்டுட்டா நான் பாத்துக்கறேன்" என்றான்.

"நானே பாத்துக்கறேன்."

"இல்லீங்ண்ணா, இது ரெண்டு நிமிச வேலை..."

"நானே பாத்துக்கறேன்னு சொல்றேனில்ல? நான் ஆட்டோமொபைல் படிச்சவன்."

அவன் சிரித்தான். கேலி இல்லை, அதுதான் எரிச்சல். "தெரியுமுங்ண்ணா. டீச்சர் சொல்லுவாங்க. எங்க வீட்டுக்காரரு பஸ்ஸுக்கெல்லாம் டாக்டரு, ஊரு பஸ்ஸெல்லாம் அவர் கை பட்டுத்தான் ரோட்டுக்கு வருதுன்னு. எந்த ஞாயித்துக்கிழமையாவது இதையும் பாத்துருவாருன்னு சொல்லீட்டே இருப்பாங்க."

இரண்டு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளி மரத்தடியில் விட்டார்கள். நாற்பது நிமிடம் வீம்புக்குக் காத்திருந்தேன். அவன் ஒரு கண்ணாடி டம்ளரில் ஜூஸ் கொண்டுவந்து வைத்தான்.

"எலுமிச்சை மட்டும்தான் விட்டிருக்கேன். இஞ்சி வேணும்னா தட்டிப் போடறேன். டீச்சருக்கு இஞ்சி வாசமே ஆகாது பாருங்க, இந்த வண்டியப் பாத்ததும் கை அந்தப் பழக்கத்துலயே போயிருச்சு."

நான் டம்ளரைத் தொடவில்லை. மரத்தடியில் ஒரு சின்ன ஸ்டூல் கிடந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. அது யாருடைய ஸ்டூல் என்று நான் கேட்கவில்லை.

4.20க்கு எஞ்சின் பிடித்தது.


ஏப்ரல் 26, புதன்

டீ போடவில்லை.


ஏப்ரல் 28, வெள்ளி

இரண்டு கோடை. பள்ளிக்கூடம் நடக்கிற நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், கேட் சாத்தியிருக்கும் நேரம், அதற்குப் பிறகு வண்டி பிடிக்கிற வரைக்கும் ஆகிற நேரம். என்னோடு அவள் உட்கார்ந்து பேசிய நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். என் பக்கத்தில் எழுத ஒன்றும் வராததால் விட்டுவிட்டேன். நான் வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவேன், தூங்குவேன். ஞாயிறும் தூங்குவேன். "இந்த வாரம் பாக்கறீங்களா?" என்று கேட்பாள். "வித்துத் தொலை அந்தப் பழைய டப்பாவை" என்பேன்.

அவள் என்னிடம் அலுத்துக்கொண்டதே இல்லை. அலுத்துக்கொள்ள அவளுக்கு வேறு இடம் இருந்திருக்கிறது.

பெட்ரோல் பக்கம் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். எஞ்சின் பக்கவாட்டில் பெட்ரோலை உறிஞ்சி மேலே அனுப்புகிற சின்னப் பம்ப் ஒன்று திருகியிருக்கிறது. அதன் தலையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து அதைப் பார்த்தால் உள்ளே பெட்ரோல் இல்லை, குமிழ்கள்தான். ஓடுகிற வரைக்கும் காற்றும் புதுப் பெட்ரோலும் சூட்டைத் தணிக்கின்றன. நின்றதும் எஞ்சின் சூடு முழுக்கப் பம்பில் ஏறி, பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடுகிறது. பம்பால் ஆவியை உறிஞ்ச முடியாது. கார்ப்ரேட்டர் காய்ந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை எத்தனை தடவை மிதித்தாலும் காலி டப்பாவை மிதிக்கிற மாதிரிதான்.

பழுது என்னவென்று தெரிந்துவிட்டது. அவன் என்ன செய்தான் என்பது தெரியவில்லை. ரெண்டு நிமிச வேலை என்றானே.


ஏப்ரல் 30, ஞாயிறு

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மூன்றரைக்கு கேட்டில் இருந்தேன். எஞ்சினை நானே அணைத்தேன். பத்து நிமிடம் கழித்துத் திருப்பினேன், பிடிக்கவில்லை. சாதிக் கரும்பை எந்திரத்தில் விட்டுக்கொண்டே என்னைப் பார்த்தான். பக்கத்தில் வரவில்லை. போன தடவை நான் பேசியது அவனுக்கு நினைவிருக்கிறது.

கடைசியில் நான்தான் கூப்பிட்டேன். "வாங்க."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். பானெட்டை அமுக்கித் தூக்கினான். பிறகு டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான்.

"துண்டு எங்கீங்ண்ணா?"

"எந்தத் துண்டு?"

"பச்சைக் கட்டம் போட்டது. என்னோடதுதான். டீச்சர் இதுக்குன்னே சீட்டுக்கு அடியில வெச்சிருப்பாங்களே."

"தெரியல. தொலைஞ்சிருக்கும்" என்றேன்.

"பரவால்லீங்ண்ணா." தோளில் இருந்த சிவப்புத் துண்டை ஐஸ் பெட்டித் தண்ணீரில் முக்கி, அரைகுறையாகப் பிழிந்து, அந்தப் பம்பின் மேல் சுற்றினான். சுர்ர் என்று ஆவி எழுந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் குமிழ் அடங்கி, பெட்ரோல் மெதுவாக ஏறுவதை நான் பார்த்தேன். இவ்வளவுதான். ஈரத்துணி.

"இப்பத் திருப்புங்க. ஆக்சிலேட்டரத் தொடாதீங்க, சும்மா திருப்புங்க."

சுற்றியது. பிடித்தது.

"மொத நாள் டீச்சர் அழுதே போட்டாங்கண்ணா" என்றான். "பின்னால லாரிக்காரன் கண்டபடி பேசறான். அன்னிக்கு எங்கிட்டத் துண்டு இல்ல. துவைக்கப் போட்டிருந்தேன். ஒரு துணி குடுங்க டீச்சர், நனைச்சுப் போடலாம்னேன். படக்குன்னு தோள்ல இருந்த துப்பட்டாவ உருவிக் கையில குடுத்துட்டாங்க. புதுசு போல. வேண்டாமுங்க, கறை பட்டுரும்னேன். வண்டி கிளம்பினாப் போதும்ப்பான்னாங்க. அதுக்கப்பறந்தான் நான் அந்தப் பச்சைத் துண்டக் குடுத்தேன்."

அதற்குப் பிறகு அவன் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. ஏதோ சொன்னான், சிரித்தான்.

வீடு வந்து சேர்ந்தேன். எப்படி ஓட்டினேன் என்று எழுத வரவில்லை.


மே 1, திங்கள்

லீவு. படுத்திருந்தேன்.


மே 4, வியாழன்

கத்திரி ஆரம்பம். 41 டிகிரி.

பள்ளிக்கூட வாசல் வரை போய், திரும்பி, பதினேழு கிலோமீட்டர் ஓட்டி வந்தேன். 3.50க்கு வீட்டு வாசலில் அதே இடத்தில் நிறுத்தினேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். 4.10 வரை எதுவும் செய்யவில்லை.

4.10. திருப்பினேன். பிடிக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்துத் திருப்பினேன். பிடிக்கவில்லை. கண்ணாடிக் கிண்ணம் முழுக்கக் குமிழ்.

துணி வேண்டும். வீட்டில் எத்தனையோ துணி இருக்கிறது. அலமாரியில் இருந்த அந்தப் பையைத்தான் எடுத்தேன். வேறு துணியில் செய்தால் அது அன்றைய டெஸ்ட் ஆகாது.

குழாயைத் திறந்து பிடித்தேன். வெள்ளையில் நீலக்கரை போட்ட கைத்தறி. தண்ணீர் பட்டதும் வாசனை ஒரு தடவை நன்றாக எழுந்தது. பிறகு வெறும் ஈரத்துணி வாசனைதான். பிழிந்தேன்.

4.12. பானெட்டை அவன் அமுக்கியது போல அமுக்கினேன். திறந்தது. பம்பின் மேல் சுற்றினேன்.

4.14. திருப்பினேன். பிடித்தது.

குழாய்க்குப் போய் வந்த நேரத்தையும் சேர்த்து நான்கு நிமிடம். அன்று வீட்டிலிருந்து 4.14க்குக் கிளம்பியிருந்தால், ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்குள் நுழைந்த 4.38க்கு நான் ஆஸ்பத்திரி வாசலில் இருந்திருப்பேன்.

டாக்டர் சொன்னதை மறுபடி படித்தேன். அவர் இரண்டு பக்கமும் சொல்லியிருக்கிறார்.

எஞ்சினை அணைக்காமல் ரொம்ப நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது. கை காட்டினாளே, அது ரோட்டை இல்லை. பானெட்டை.

பேச்சு நின்றுபோய், ஒரு பக்கம் விழுந்துபோய், அந்த நேரத்திலும் அவளுக்கு வழி தெரிந்திருந்தது. ஆனால் அது அவன் சொல்லிக் கொடுத்த வழி. என்னிடம் அவள் கடைசியாகச் சொல்ல வந்தது அவனுக்குச் சட்டென்று புரிந்திருக்கும்.


மே 5, வெள்ளி

துப்பட்டா காய்ந்துவிட்டது. நடுவில் உள்ளங்கை அளவு கறை. சோப்புப் போடவில்லை.


மே 14, ஞாயிறு

எட்டரை மணிக்கு ஆரம்பித்தேன். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் சூடு தாங்குகிற தடித்த அட்டையை வெட்டி வைத்தேன். எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு அலுமினியத் தகட்டை மறைப்பாக வளைத்து மாட்டினேன். பெட்ரோல் குழாயை எஞ்சினைத் தொடாமல் கொஞ்சம் தள்ளிக் கட்டி, மேலே உறை போட்டேன். எல்லாமே கம்பெனியில் வேண்டாம் என்று ஒதுக்கிய துண்டுகள்.

பத்தேகாலுக்கு முடிந்தது.

மதியம் மூன்று தடவை சூடாக்கி, நிறுத்தி, பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தேவைப்படவில்லை. அரை ஞாயிற்றுக்கிழமை.


மே 17, புதன்

தரணி சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறான். வண்டியைக் கழுவினேன். மூன்று மணிக்குக் கிளம்பி கேட்டுக்குப் போனேன்.

சாத்தியிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன். புதுத் துண்டு ஒன்று வாங்கிப் போயிருந்தேன். பச்சைக் கட்டம்தான். சாதிக்கிடம் நீட்டினேன்.

"உங்களோடதத் தொலைச்சுட்டேன்" என்றேன்.

"ஐயோ, எதுக்குங்ண்ணா இதெல்லாம்?" என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். ஸ்டூலைத் தட்டி என் பக்கம் தள்ளினான். அவள் உட்கார்ந்த ஸ்டூல். உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் தண்டவாளம் தெரியவில்லை. அவன் முகமும் கரும்பு எந்திரமும்தான் தெரிகிறது.

"வண்டிய அவங்க தம்பி எடுத்துட்டுப் போறார்."

"போவட்டும்ண்ணா. அவங்க அப்பா வண்டின்னு எத்தனை தடவை சொல்லுவாங்க." கரும்பை மடித்து மறுபடி எந்திரத்தில் விட்டான். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்தினான்.

"அண்ணா, ஒண்ணு கேட்டாத் தப்பா நினைச்சுக்காதீங்க. ரெண்டு மாசமா மனசுல கிடந்து அறுக்குது. அன்னிக்கு நாலு மணிக்குன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு. இங்கிருந்து போன சூட்டோட இருந்திருக்கும். வண்டி கிளம்புச்சுங்களா?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. எந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சக்கரத்தின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான்.

உண்மையைச் சொன்னால் அவன் அழுவான். அவள் துப்பட்டாவை உருவினாள் என்று தெரிந்தால், கடைசி நேரத்தில் அவள் நினைத்தது தன் கடை வாசலைத்தான் என்று தெரிந்துகொள்வான். இரண்டு கோடையை அவன் வைத்துக்கொள்ளட்டும். இந்த ஸ்டூலையும், இஞ்சி போடாத ஜூஸையும் வைத்துக்கொள்ளட்டும். காருக்குள் அவளும் நானும் இருந்த அந்த இருபத்தெட்டு நிமிடத்தை அவனுக்குத் தர முடியாது.

"கிளம்புச்சு" என்றேன்.

"துணி போட்டீங்களா?"

"போட்டேன்."

"அல்லாவே" என்று மூச்சு விட்டான். புதுத் துண்டால் முகத்தைத் துடைத்தான். "நான் சொல்லிக் குடுத்தது அந்த நேரத்துக்கு உதவாமப் போயிருச்சோன்னு... அப்ப உங்ககிட்டயும் டீச்சர் சொல்லி வெச்சிருக்காங்க."

"சொன்னாங்க" என்றேன். "எனக்குத்தான் சொன்னாங்க."

டம்ளரை நிரப்பி நீட்டினான். "இஞ்சி போடட்டுங்களா?"

"வேண்டாம்."

முழுக்கக் குடித்தேன். ரயில் போனது. கேட்டைத் தூக்கினார்கள். பழக்கத்தில் அவன் ஐஸ் பெட்டியைத் திறந்து, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கி வந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

எஞ்சின் அனலாக இருந்தது. சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்தது.